நான் சோதிக்காத கரகம்

போன மாதம் குமாரசாமி என்னைத் தேடிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வந்தான். கோலாலம்பூருக்குக் குடிதண்ணீர் அனுப்புகிற மலை அணையில் நான் பார்த்த வாட்சர் வேலையை இப்போது பார்ப்பவன் அவன். அணையைச் சுற்றிலும் ரிசர்வ் காடு. மரம் வெட்டக்கூடாது, மீன் பிடிக்கக்கூடாது, அனுமதி இல்லாமல் ஒருத்தரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. அதற்குக் காவலாக இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, போன வருஷம்தான் இங்கே பட்டணத்தில் ரயில் லைனுக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து ஒதுங்கினேன்.

அணைக்குக் கீழே இருக்கும் குட்டைகளில் ஆகாயத்தாமரையை ஒழிக்க இனி மருந்து அடிக்கப் போகிறார்களாம். பாஷாணம் கலந்த மருந்து. முதுகில் தகர டப்பா, கையில் குழாய்.

"ஒரு நாளு அடிச்சா ஒரு வாரத்துல கருகிடும்லா அண்ணே. ஒங்க காலத்து மாதிரி ஒவ்வொண்ணா அள்ளிக்கிட்டுக் கெடக்க வேணாம்" என்றான்.

"கருகும்டா. கருகி அடியில போகும். அடியில வித்து கெடக்கே, அதுக்கு என்ன மருந்து வச்சிருக்க?" என்று கேட்டேன். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. என் வாழ்நாளையே அந்தச் செடி தின்றிருக்கிறது. அதை ஒரு வாரத்து வேலை என்று ஒருத்தன் சொன்னால் எப்படி இருக்கும்?

அவன் சண்டைக்கு வரவில்லை, பாவம். கையால் செடி எடுத்த முறையை என்னிடம் கேட்டு எழுதி வரும்படி ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். "அணைக்குள்ள அது எப்படி வந்துச்சுங்கறது பைல்லயே இருக்குண்ணே. பண்ணி வளத்த சீனன் ஒருத்தன் கொண்டாந்து போட்டானாமே. நீங்க எப்படி எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தேன். இரண்டு வருஷம் பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் தண்டவாளக் கட்டை சுமந்தேன். பிறகு கிள்ளான் பக்கம் வாய்க்கால் வெட்டும் கூட்டத்தில் சேர்ந்தேன். ஆகாயத்தாமரையை அங்கேதான் முதலில் பார்த்தேன். யாரோ பூவுக்கு ஆசைப்பட்டு வீட்டுத் தொட்டியில் கொண்டுவந்து விட்டார்களாம், அது வெளியே வந்துவிட்டதாம். ஊதா நிறப் பூ, மேல் இதழில் மஞ்சளாக ஒரு கண். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். காம்பு சின்னக் கத்தரிக்காய் போல உப்பியிருக்கும். அதனால் மண்ணே இல்லாமல் மிதக்கும். ஒரு செடி பக்கத்தில் கொடி விட்டு இன்னொன்று போடும், அது இன்னொன்று. இரண்டு மாதம் பார்க்காமல் விட்டால் குட்டையில் தண்ணீர் எங்கே என்று தேட வேண்டும். அடியில் அழுகல், மேலே கொசு, பிறகு ஊருக்கெல்லாம் காய்ச்சல்.

என்னை அணைக்கு எடுத்தவர் ஓவர்சியர் பொன்னுத்துரை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி, நல்ல உயரம், சத்தம் போட்டுப் பேசியதை நான் கேட்டதில்லை. எங்களை எல்லாம் 'காணும்' என்றுதான் கூப்பிடுவார், அது அவர்கள் ஊர் வழக்கம். சட்டைப் பையில் எப்போதும் மடித்த வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். முகம் துடைக்க அல்ல. கரையில் ஒரு கல்மேல் அதை விரித்து, எடுத்த செடியை அதன்மேல் வைத்து, வேரை ஒரு குச்சியால் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். வைத்தியர் கைநாடி பார்ப்பதுபோல நேரம் எடுத்துக்கொள்வார். நாங்கள் நின்றுகொண்டே இருப்போம்.

ரிசர்வின் கீழ்க்கோடியில், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகள் மூன்று இருந்தன. அங்கேதான் எங்கள் கூலிக்கூட்டத்தைப் பழக்கினார். முதலில் குட்டையிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் மூங்கிலைப் பிரம்பால் கட்டி மிதக்கவிட வேண்டும், ஒரு துண்டுகூடத் தாண்டிப் போகாதபடி. மூங்கில் பக்கமிருந்து ஆரம்பித்துக் கரையை நோக்கி வர வேண்டும். கூடைக்குள் சாக்கு விரித்திருக்க வேண்டும். முதல் நாள் நான் ஒரு செடியைக் காம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

"இழுக்காதையும் காணும்" என்றார். "கொடி அறுந்தா அறுந்த துண்டு பேந்தும் முளைக்கும். பிள்ளையைத் தூக்கிறது மாதிரி அடியில கை குடுத்துத் தூக்கும்."

எடுத்ததைத் தரையில் கொட்டக்கூடாது. ஈரம் பட்டால் வேர் பிடித்துவிடும். மார்பு உயரத்துக்கு மூங்கில் பரண் கட்டி, வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்து, எட்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். நடுவில் மழை வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. பிறகு எரித்து, சாம்பலைப் புதைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மடிச் சோதனை. வேட்டி மடி, கால்சட்டை மடிப்பு, தலைப்பாகை, கூடையின் அடி, துடுப்பு எல்லாவற்றையும் உதறிக் காட்ட வேண்டும். ஐயா முதலில் தன்னுடைய கால்சட்டை மடிப்பை விரித்துக் காட்டிவிட்டுத்தான் எங்களைக் கேட்பார்.

அணை அப்போது சுத்தமாக இருந்தது. அதை அப்படியே வைத்திருக்கத்தான் என்னை மேலே போட்டார். இரும்புக் கேட்டு, அதன் சாவி என் இடுப்பில். உள்ளே வருகிற யாராக இருந்தாலும் மடிச் சோதனை உண்டு. வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் கால்சட்டை மடிப்பை முணுமுணுத்துக்கொண்டே விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பலகை வீடு ஒன்று கொடுத்தார்கள். காலையில் அளவுப் பலகையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். அந்த எண்ணை நான் சத்தமாகப் படிப்பேன். நாள் முழுக்க வேறு பேச்சுக்கு ஆள் கிடையாது. தொண்டை இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே! கல்யாணமாகி அஞ்சலை வந்தபிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் கலகலவென்று பேசுகிறவள். மரத்துக்கு மரம் தாவும் குரங்குகளுக்கெல்லாம் பெயர் வைத்தாள்.

கேட்டுக்கு வெளியே, அணைக்குக் கீழே, ஆ செங் என்று ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வருஷா வருஷம் புதுப்பிக்கிற லைசென்சில் கொஞ்ச நிலம், காய்கறிப் பாத்தி, பத்துப் பன்றி. பன்றிக்குத் தீனி போட ஒரு குட்டை நிறைய ஆகாயத்தாமரை வளர்த்தார். எனக்கு அது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தும். ஆனால் கேட்டுக்கு வெளியே வளர்ப்பதை நான் தடுக்க முடியாது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. எங்களுக்குள் சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் பத்து வார்த்தைதான். வாரம் ஒருமுறை கேட்டுக் கம்பியில் ஒரு கட்டுக் கீரையோ பாகற்காயோ தொங்கவிட்டு, "சுடா மாக்கான்?" என்று சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டுவிட்டுப் போவார்.

அஞ்சலை பிரசவத்துக்குக் கிள்ளானில் அண்ணன் வீட்டுக்குப் போன சமயத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. குளிர்நடுக்கம், பிதற்றல். கேட்டை உள்பக்கம் பூட்டியிருந்தேன். இரண்டு நாள் நான் வெளியே வரவில்லை என்று பார்த்து, ஆ செங் கம்பியைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறார். கண் விழித்தபோது தலைமாட்டில் அவர் உட்கார்ந்திருந்தார், கையில் கஞ்சி. ஒன்பது நாள், வேளை தவறாமல். அவர் இல்லையென்றால் நான் அந்தப் பலகைமேலேயே போயிருப்பேன்.

கிள்ளானில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. நான் எழுந்து ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. அதன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அஞ்சலை திரும்பி வந்தாள், ஆனால் அந்தக் கலகலப்பு வரவில்லை. குரங்குகளை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். ஒரு வருஷம் கழித்து, மலையடிவாரத்தில் எங்கள் கூலிக்கூட்டம் கும்பிடும் சின்ன மாரியம்மன் கோயிலில் கரகம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். அம்மன் பெயரைச் சொல்லிக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் கயிறு சுற்றி, வேப்பிலையும் பூவும் செருகி, தலையில் சுமந்து வந்து, பூசை முடிந்ததும் ஓடுகிற தண்ணீரில் கரைப்பது வழக்கம். வழக்கமாகக் கீழே ஆற்றில்தான் கரைப்பார்கள். அந்த வருஷம் ஈயச் சுரங்கத்துச் சேறு கலந்து ஆறு குழம்பாக ஓடியது.

"அந்தச் சேத்துலயா மாமா அம்மாளக் கரைக்கறது?" என்றாள். "இங்க பளிங்கு மாதிரி கெடக்கு தண்ணி. ஒரு கால் மணி நேரம். கேட்டத் தொறங்க."

"வேல போயிடும் புள்ள."

"எம்புள்ள போயிடுச்சு மாமா."

ஆடி வெள்ளிக்கிழமை காலை, ஐயா கிள்ளான் போயிருந்த நாளாகப் பார்த்துக் கேட்டைத் திறந்தேன். எட்டுப் பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தரையும் நிறுத்தி மடி உதறச் சொன்னேன். கிழவர் ஒருவர் சிரித்துக்கொண்டே தலைப்பாகையை அவிழ்த்துக் காட்டினார். கடைசியாக அஞ்சலை, மஞ்சள் புடவையில், தலையில் கரகத்தோடு, கண் சொருகி நின்றாள். வேப்பிலைக்கு நடுவே ஊதாப் பூ தெரிந்தது. தெரிந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வெறும் பூதானே என்று நினைத்தேன். பூவைக் கிள்ளி வைத்தால் முளைக்காது. ஆனால் அந்தப் பூ கிள்ளிய ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும். அது வாடாமல் இருக்க அவள் செடியையே வேரோடு ஈரத்துணியில் சுற்றி, வேப்பிலைக்கு அடியில் வைத்திருந்தாள். விலக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். துரையின் கால்சட்டையை உதறவைத்த எனக்கு அம்மாளைச் சோதிக்கக் கை வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஓடை வந்து சேரும் மூலையில் நாணலுக்குப் பின்னால் பச்சையாக ஏதோ மிதந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பாய் அகலத்துக்குப் பரவியிருந்தது. ஐயாவுக்குச் சொல்லி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த அளவுக்காவது யோக்கியனாக இருந்தேன்.

ஐயா வந்தார். மூங்கில் கட்டினோம், அவர் சொல்லித் தந்தபடியே அடியில் கை கொடுத்து ஒவ்வொன்றாகத் தூக்கினோம். முதல் செடியைக் கைக்குட்டைமேல் வைத்து வேரைப் பிரித்தார். குச்சி நின்றது. வேருக்குள் சிக்கியிருந்த ஒன்றை மெதுவாக இழுத்து வெளியே வைத்தார். சாயம் போன மஞ்சள் கயிறு, ஒரு விரல் நீளம்.

கூட்டத்தைத் தூரப் போகச் சொன்னார். என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"இதென்ன காணும்?"

நான் குனிந்து கூடையின் சாக்கைச் சரிசெய்தேன்.

"நான் ஒருக்காத்தான் கேப்பன். வடிவா யோசிச்சுச் சொல்லும்."

அவரும் அம்மனைக் கும்பிடுகிறவர்தான். அது என்னவென்று அவருக்குத் தெரியாதா? என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். "தெரியலைங்கய்யா" என்றேன்.

செடியை எடுத்துக் கூடைக்குள் சாக்கின்மேல் வைத்தார். பிறகு கேட்டார். "கீழ பண்டி வளக்கிற சீனன்தான் கொண்டுவந்தவன் எண்டு துரை சொல்லுறார். அவன் கேற்றுக்குள்ள எப்பவாவது வந்தவனோ?"

"வந்தான்ங்கய்யா. ஒரு தடவை."

"என்னத்துக்கு?"

கஞ்சி கொடுக்க என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. "தெரியலைங்கய்யா" என்றேன் மறுபடியும். பயம், வேறொன்றும் இல்லை. வேலை போய்விடும், வீடு போய்விடும், பிள்ளையைப் பறிகொடுத்தவளை ஊரே பழிக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அஞ்சலையை நான் முன்னால் நிறுத்தி அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் நிஜம்.

"சரி. நீர் சொன்னதையே எழுதிறன்" என்று ஐயா கைக்குட்டையைக் கயிறோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆ செங்கின் லைசென்சைப் புதுப்பிக்கவில்லை. குட்டையைச் செம்மண் கொட்டி மூடினார்கள், குடிசையைப் பிரித்தார்கள். போகிற அன்று காலை அவர் கேட்டுக்கு வந்தார். காவடியில் இரண்டு கூடை. ஒன்றில் சட்டிபானை, ஒன்றில் துணிமணி. சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாது. கடைசிப் பாகற்காய்களைக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, கையால் கஞ்சி குடிப்பதுபோலக் காட்டி, அவருடைய உடைந்த மலாயில் கேட்டார்: இனிமேல் உனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சிக்கு யார்?

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அஞ்சலை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பரணில் காயும் செடிகளைப் பார்த்த அன்றே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நான் வச்ச செடி மாமா அது. போய்ச் சொல்லிடுங்க, இல்ல நான் போறேன்" என்று தினமும் மன்றாடினாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நீ போனால் என் வேலை போகும் என்று அவளைத் தடுத்தும் வைத்தேன். ஆ செங் போன மறுநாள் அவளும் துணியை மூட்டை கட்டினாள்.

"நீங்க சொல்லிட்டு வந்து கூப்பிடுங்க. அப்ப வர்றேன்" என்றாள். அழவில்லை, திட்டவும் இல்லை. கேட்டை நான்தான் திறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நானும் அந்தச் செடியும்தான். மேலே மிதந்ததையெல்லாம் ஒரு மாதத்தில் எடுத்துவிட்டோம். ஆனால் எங்கள் கைக்குத் தப்பியது பூத்து, வித்து விழுந்துவிட்டது. வித்து சேற்றுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். மழை பொய்த்துத் தண்ணீர் இறங்கி, சேறு வெயிலைப் பார்த்தால், கடுகு விதைத்தமாதிரி முளைத்துவரும். ஒவ்வொரு வறட்சியிலும் நான் சேற்றின்மேல் பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்து, விரலால் ஒவ்வொரு முளையாக எடுப்பேன். ஆள் அனுப்பட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். பெரிய உழைப்பாளி என்று பேர் வாங்கினேன். எனக்கல்லவா தெரியும்!

ஐயா வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது என்னைப் பார்க்க மலைக்கு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது வழக்கம்போலக் கால்சட்டை மடிப்பை விரித்துக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அண்டைக்கு நான் ரெண்டாந்தரமும் கேட்டிருக்கலாம், காணும்" என்றார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். அவர் பாதையில் இறங்கி மறையும்வரை கைகட்டி நின்றேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் குமாரசாமி பென்சிலைக் கீழே வைத்தான். "இத எழுதணுமாண்ணே? ஒங்க பேரு கெட்டுப்போயிடும்லா."

"எழுது. செடி கரகத்துல வந்துச்சு, கேட்டத் தொறந்தவன் இந்த ராக்கப்பன். ஆ செங் உள்ள வந்தது எனக்குக் கஞ்சி குடுக்க. அப்படியே எழுது."

எழுதினான். "அவரு முழுப் பேரு என்னண்ணே? ஆ செங்னு பட்டணத்துல நூறு பேரு இருப்பாங்களே."

எனக்குத் தெரியவில்லை. ஒன்பது நாள் அவர் கையால் குடித்திருக்கிறேன், முழுப் பெயரைக் கேட்டதில்லை. எங்கே போனார், இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. குமாரசாமி அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை ரயிலில் கிள்ளான் போனேன். இத்தனை வருஷத்தில் அஞ்சலையை இரண்டு கல்யாணத்திலும் ஒரு சாவிலும் பார்த்திருக்கிறேன், கூட்டத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக. வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை.

"சொல்லிட்டேன் புள்ள" என்றேன்.

முறத்தைக் கீழே வைத்தாள். "யாருகிட்ட?"

"ஆபீசுல. எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு."

"அந்த மனுசன்கிட்ட?"

"அவரு எங்க இருக்காருன்னே தெரியல."

பொறுக்கிய கற்களை வெளியே எறிந்துவிட்டு எழுந்தாள். பிறகு, "உள்ள வாங்க. கஞ்சிதான் இருக்கு" என்றாள். உட்கார்ந்து குடித்தேன். குடித்து முடித்ததும், "கூப்பிட வந்தேன்" என்றேன்.

"இருபது வருசம் கழிச்சுக் கூப்புட்டா எங்க மாமா வர்றது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் பேரப்பிள்ளைகள் உள்ளே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது. எழுந்து செருப்பை மாட்டினேன்.

வாசல்வரை வந்தாள். "தனியாத்தான இருக்கீங்க? காய்ச்சல் கீய்ச்சல் வந்தா சொல்லியனுப்புங்க" என்றாள்.

தலையை ஆட்டினேன். கிள்ளான் ஸ்டேஷன்வரை அழுதுகொண்டே நடந்து, அடுத்த ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் திரும்பினேன்.